அடுப்புக் கதவு

மீசையைப் பணயம் வைக்கிறவன் அதற்கு முன்னால் ஒரு தடவையாவது கண்ணாடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சோலைராஜ் பார்த்துக்கொள்ளவில்லை. போன ஆவணியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் மச்சினன் கௌதம்ராஜ் வீட்டுக் காதுகுத்துப் பந்தியில், பாயசம் வரக் காத்திருந்த நேரத்தில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் முறுக்கிக்கொண்டே அதைத் தூக்கி வைத்துவிட்டான். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி சத்யப்பிரியாவுக்கு அப்பளம் தொண்டையிலேயே நின்றது.

சோலைராஜுக்கு ராஜபாளையத்தில் ஒரு லேத் பட்டறை. நூல் மில்களுக்கு ஷாப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுப்பான். தொழிலில் கெட்டிக்காரன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. நாலு வருஷமாக, மில் வேலை இல்லாத நேரங்களில், நீராவி ரயில் இஞ்சின் ஒன்றைச் சின்னதாகச் செய்துகொண்டிருந்தான். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து மீட்டர்கேஜில் ஓடிய ஒய்.பி. இஞ்சின்; பின்னால் மாட்டும் கரி வண்டியோடு சேர்த்து நாலடி நீளம். சக்கரம், பிஸ்டன், தண்டு எல்லாம் அச்சு அசல். கம்ப்ரஸர் காற்றைத் திறந்துவிட்டால் குடுகுடுவென்று ஓடும். ஆனால் மேலே பார்த்தால் மொட்டை. ஊதல் கிடையாது, குழாய் கிடையாது, கைப்பிடிக் கம்பி கிடையாது, பேருக்கு ஒரு ரிவிட் ஆணித் தலைகூடக் கிடையாது. ஓடுகிறதே, அது போதாதா என்று விட்டுவைத்திருந்தான்.

அந்தப் படத்தைத்தான் பந்தியில் செல்போனில் பார்த்துவிட்டு கௌதம்ராஜ் கேட்டான்: "என்ன அத்தான் இது, தார் டிரம்முக்குச் சக்கரம் மாட்டியிருக்கீங்க?"

பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு நின்றவன்கூடச் சிரித்தான். சோலைராஜுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ஏ மாப்ள, கேட்டுக்க. வார சித்திரை ஒண்ணாந்தேதி, ஒரு ஆணி குறையாம, எவன் கையும் படாம, ஒத்த ஆளாச் செஞ்சு உன் வீட்டுக் கூடத்துல கொண்டாந்து வைக்கேன். ஒண்ணு குறைஞ்சாலும் இந்த மீசை உனக்கு."

"குறையலைன்னா என் மீசை உங்களுக்கு அத்தான். யாரு பாத்துச் சொல்றது?"

அதற்கும் ஆள் கிடைத்தார். கௌதம்ராஜின் தெருவிலேயே இருந்த இசக்கிமுத்து. வாலிபத்தில் இதே ஒய்.பி. இஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேனாக இருந்து, பிற்பாடு டீசல் ஓட்டி, ரிட்டையரானவர். "நான் பொய் சொல்ல மாட்டேன். மச்சினனும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம். இஞ்சின் என்ன சொல்லுதோ அதைச் சொல்லுவேன்" என்று அவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். மீசைக்காரர்கள் இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

வீரம் பேசியது வாய். வேலை செய்ய வேண்டியது கை. சோலைராஜின் கை இரும்பைக் கடைந்து கடைந்து உரமேறிய கை. விரல் ஒவ்வொன்றும் ஒரு பூவன்பழம். அந்த விரலால் அரிசி அளவுக்கு ஒரு வால்வைச் செய்ய உட்கார்ந்தால் என்ன ஆகும்? முதல் வாரம் செய்த ஊதல் புகைபோக்கியைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டாம் வாரம் செய்தது இடுக்கியிலிருந்து துள்ளிப் போனது போனதுதான், இன்னும் கிடைக்கவில்லை. மூன்றாம் வாரம் அவன் இஞ்சின் மேல் துணியைப் போர்த்திவிட்டு, "இந்த மீசை வச்சு என்னத்தக் கண்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தான்.

சத்யப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. துணியை எடுத்துவிட்டு, "தள்ளுங்க, நான் பாக்கேன்" என்று உட்கார்ந்தாள்.

அவளுக்கு அது புது வேலையே இல்லை. ராஜபாளையத்தில் ஒரு பல் லேபில் அவளுக்குப் பதினொரு வருஷ வேலை. டாக்டர்கள் வாய் அளவை அச்செடுத்து அனுப்புவார்கள்; இவள் அதைப் பார்த்து மெழுகில் பல்லைச் செதுக்குவாள். அந்த மெழுகைச் சுற்றி அச்சு மண்ணைப் பூசி, உலையில் வைத்து மெழுகை உருக்கி ஓடவிட்டு, அது இருந்த குழிக்குள் உலோகத்தை ஊற்றினால் பல் மேல் மாட்டும் கேப் தயார். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை மயிரிழை பிசகாமல் செதுக்குகிறவளுக்கு ரயில் இஞ்சினின் வால்வு எம்மாத்திரம்? லேப் ஓனரிடம் கேட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் செய்தாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, ஊசிமுனையால் மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஆயிரத்து இருநூற்று நாற்பது ரிவிட் தலைகள். ஊதல், பாதுகாப்பு வால்வு, மணல் பெட்டி மூடி. பல் வரிசைக்குக் கட்டும் கம்பியை வளைத்துக் கைப்பிடி. வேர் சிகிச்சை செய்கிற முறிந்த ஊசியைத் தேய்த்து, குன்றிமணி அளவு பிரஷர் மீட்டருக்கு முள்.

"யாருட்டயும் சொல்லிராதட்டி. ஒத்த ஆளான்னு சொல்லியிருக்கேன்" என்று சோலைராஜ் கெஞ்சினான்.

"எனக்கு என்ன தலையெழுத்து, சொல்லிட்டுத் திரியதுக்கு?" என்றாள். அப்போது மனசறிந்துதான் சொன்னாள்.

மார்கழியில் அந்த மனசு மாறியது. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் இஞ்சினைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒரு மில் முதலாளி தெலுங்கிலேயே மெச்சி, "பாகுந்தி, பாகுந்தி" என்று நாலு தரம் சொல்லிவிட்டு, "இந்த ஊதலை எப்படிப்பா செஞ்சே?" என்று கேட்டார். சோலைராஜ் மீசையைத் தடவிக்கொண்டு, "மூணு நாளு கண்ணை மூடாம உக்காந்தேங்க. பொறுமை வேணும்" என்றான். காப்பித் தம்ளரோடு பின்னால் நின்ற சத்யப்பிரியாவுக்கு அந்தக் காப்பியை அப்படியே அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது. மூணு நாளாம், கண்ணை மூடவில்லையாம்! அந்த மூன்று நாளும் இவன் குறட்டைச் சத்தத்தில் அவள்தான் தூங்கவில்லை.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவளுக்கு வருத்தமாக இருந்தது, அதுதான் உண்மை. பதினொரு வருஷமாக ஊரில் எத்தனையோ பேர் அவள் செய்த பல்லை வைத்துச் சிரிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். ஒருத்தருக்கும் அவள் பெயர் தெரியாது. டாக்டர் கைராசி என்பார்கள். அது தொழில், சம்பளம் வாங்குகிறாள், சரி. இந்த இஞ்சின் அப்படி இல்லையே. இதை அவள் ஆசைப்பட்டுச் செய்தாள். யாராவது ஒரு ஆள் அவள் முகத்தைப் பார்த்து, இதை நீயா செய்தாய் என்று ஒரு தடவை கேட்டால் போதும் என்று இருந்தது. கரி வண்டிக்கு அடியில் தன் பெயரைக் குட்டியாகச் செதுக்கிவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஒளித்து வைத்தால் அதற்குப் பெயர் பெயரா, திருட்டுத்தனம் அல்லவா என்று விட்டுவிட்டாள். வாயைத் திறந்தால் அவன் மீசை போகும். அவன் மீசை தப்பினால் அவள் பெயர் போகும். சித்திரை ஒன்றுவரை இதையே நினைத்துக்கொண்டு மெழுகைச் செதுக்கினாள்.

கடைசியாகச் செய்தது இஞ்சினின் ஓட்டுநர் அறை. அங்கேதான் கொதிகலனின் பின்பக்கம் இருக்கும். மீட்டர்கள், வால்வுகள், நடுவில் கரி போடும் அடுப்பு வாய். அதற்காக இரண்டு பேரும் வெளியூரில் ஒரு ரயில் நிலைய வாசலில் காட்சிக்கு நிறுத்தியிருந்த பழைய ஒய்.பி.யைப் பார்க்கப் போனார்கள். சோலைராஜ் கீழே படுத்துச் சக்கரத்துக்கு அளவெடுத்தான். இவள் மேலே ஏறி, இருட்டுக்குள் செல்போன் வெளிச்சத்தில் நூற்று நாற்பது படம் எடுத்தாள். படத்தில் இருந்ததை இருந்தபடி மெழுகில் வடித்தாள். லேபில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான்: வந்த அளவைத் திருத்தாதே. பல் கோணல் என்றால் கோணலாகவே செய். நீயாக நேர் பண்ணினால் கேப் வாய்க்குள் உட்காராது.

சித்திரை ஒன்று. பாதி ஊர் பக்கத்துக் குன்றில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தது. மீதிப் பாதி கௌதம்ராஜ் வீட்டுக் கூடத்தில் இருந்தது என்று சொல்ல வேண்டும். பட்டறை ஆள் பாண்டி ஓட்டிய குட்டியானை லோடு வண்டியில், மெத்தையில் படுக்கவைத்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இஞ்சினைக் கொண்டுவந்து இறக்கியாயிற்று. கௌதம்ராஜ் தன் பால்கோவாக் கடைக்கு லீவு விட்டிருந்தான். முடிதிருத்துகிற மாரிசாமியைப் பெட்டியோடு வரவழைத்து, கூடத்து மூலையில் நாற்காலி போட்டு, வெள்ளைத் துண்டும் விரித்துவைத்திருந்தான். கொழுப்பைப் பாருங்கள்!

இசக்கிமுத்து குளித்து, திருநீறு பூசி, பூதக்கண்ணாடியோடு வந்தார். தரையில் ஜமுக்காளம் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"ஊதல் இருக்கு. சேப்டி வால்வு ரெண்டும் இருக்கு. மணல் குழாய்... அட, வளைவு சரியா வளைச்சிருக்கானே! விளக்கு மாட்டுத கொக்கி, இருக்கு. ஏம்ப்பா, புகைப்பெட்டிக் கதவுத் திருகுல மரை கூடத் தெரியுது!"

ஒவ்வொரு 'இருக்கு'க்கும் கௌதம்ராஜின் முகம் ஒரு அங்குலம் தொங்கியது. சோலைராஜின் மீசை ஒரு அங்குலம் ஏறியது. சத்யப்பிரியா தூணுக்குப் பக்கத்தில் நின்று புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு 'இருக்கு'ம் அவளுக்குச் சொன்னதுதான். ஆனால் அவர் அதைச் சோலைராஜைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து, மனுஷர் ஓட்டுநர் அறைக்கு வந்தார். ஒவ்வொரு பிடியாகச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அடுப்பு வாய்க் கதவில் நகத்தை வைத்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். பூதக்கண்ணாடியைக் கிட்டக் கொண்டுபோனார். திடீரென்று உடம்பெல்லாம் குலுங்க அவர் சிரித்த சிரிப்பில் கூடமே பயந்துவிட்டது.

"ஏலே சோலைராஜு! கதவைச் சுத்தி வெல்டு வச்சு அடைச்சிருக்கியே! கரியை எப்படிப்பா உள்ள அனுப்புவ? தபால்லயா?"

சத்யப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கதவைச் சுற்றி ஓடிய அந்தத் தடித்த வரம்பு! காட்சிக்கு வைத்த இஞ்சினில் சின்னப் பிள்ளைகள் தலையை நுழைத்துவிடக் கூடாது என்று யாரோ கதவைப் பற்றவைத்து மூடியிருக்கிறார்கள். அவளோ அதைக் கதவின் அலங்காரம் என்று நினைத்து, வெல்டு சொட்டிய இடத்தில் சொட்டு, வழிந்த இடத்தில் வழிவு என்று, நாலு நாள் உட்கார்ந்து பக்தியோடு செதுக்கியிருக்கிறாள். தினமும் வெல்டு வைக்கிற சோலைராஜாவது பார்த்திருக்க வேண்டாமா? பிரியா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் பார்க்கவே இல்லை.

"மாரிசாமியண்ணே, பொட்டியைத் தொறங்க!" என்று கௌதம்ராஜ் குதித்தான்.

"தொறக்காதீங்க!" என்றாள் சத்யப்பிரியா. குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "ஏலே தம்பி, பந்தயம் இன்னிக்குத் தேதி வரைக்கும். மணி பன்னெண்டு கூட ஆகல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

எல்லோரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. "நியாயந்தான். அஞ்சு மணி வரைக்கும் டயம் தாரேன். கதவு தொறந்தா இஞ்சின், தொறக்கலைன்னா மீசை" என்றார்.

"இங்க ஒரு பட்டறை தெரியும், போயிட்டு வந்திருதோம்" என்று சோலைராஜை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பட்டறை என்று அவள் சொன்னது டாக்டர் பியூலாவின் பல் ஆஸ்பத்திரி. பியூலாவின் கேப் வேலையெல்லாம் இவள் லேபுக்குத்தான் வரும். பத்து வருஷப் பழக்கம்.

லீவு நாளில் பியூலா ஒரே ஒரு நோயாளிக்காகக் கதவைத் திறந்துவைத்திருந்தாள். கான்சாபுரத்திலிருந்து வந்த செல்லக்கனி. கன்னம் ஒரு பக்கம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. மருந்து ஊசி போட்டு, மரத்துப்போகக் காத்திருந்தாள். கரி வண்டியைக் கழற்றிவிட்டு இஞ்சினை மட்டும் பாண்டியும் சோலைராஜும் தூக்கிக்கொண்டு நுழைந்ததைப் பார்த்து அந்தம்மாள் நாற்காலியிலிருந்து தானாகவே எழுந்துவிட்டாள்.

"இதுக்கும் பல்லு வலியா?"

"வாயே தொறக்கலைக்கா" என்றாள் சத்யப்பிரியா.

"அப்ப இதை முதல்ல பாருங்க. நான் செத்த நேரம் பொறுத்துக்கிடுதேன். இந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பாத்துக்கிட்டிருந்தா எனக்கு எங்க வலிக்கப் போகுது?"

பல் நாற்காலியைப் படுக்கையாக்கி இஞ்சினைச் சாய்த்துவைத்தார்கள். பியூலா விளக்கை இறக்கி நேராக ஓட்டுநர் அறைக்குள் அடித்தாள். "எக்ஸ்ரே வேணுமா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். சத்யப்பிரியா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பியூலாவின் டிரில்லை வாங்கி, உலோகம் அறுக்கும் முனையைப் போட்டாள். ஙீ... என்று சத்தம் கிளம்பியதும் சோலைராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மெஷின் அவன் வாய்க்குள் போவது மாதிரி மோவாயைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் செய்யல, முழிங்க" என்றாள் பியூலா.

நாலு நாள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வரம்பை சத்யப்பிரியா தன் கையாலேயே அறுத்தாள். கதவு தனியாகக் கழன்று வந்தது. அதன் ஓரத்தை ராவி, பல் கம்பியில் இரண்டு வளையம் சுருட்டி, கீல் பொருத்தி, மறுபடி மாட்டி, ஊசிமுனையால் தட்டினாள். கதவு டிக்கென்று திறந்தது. டிக்கென்று மூடியது. உள்ளே கொதிகலன் வெறும் குழாய்தான், இருட்டாக இருந்தது. அவள் செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பியூலாவின் மேஜையில் இருந்த சிவப்பு மெழுகுத் தகட்டைக் கேட்டு வாங்கி, துண்டு துண்டாகப் பிய்த்து, விளக்கில் வாட்டி, நுனி நுனியாக இழுத்து, அந்த இருட்டுக்குள் ஒவ்வொன்றாக நட்டாள். அடுப்பு எரிய ஆரம்பித்தது.

"எம்புட்டு அழகு!" என்று பாதி வாயால் சொன்னாள் செல்லக்கனி. ஊசி மருந்தில் மறுபாதி மரத்துவிட்டிருந்தது. "யாரு செஞ்சது இந்த வண்டி?"

"இவங்க வீட்டுக்காரர் ஒத்த ஆளாச் செஞ்சாராம். ஊரெல்லாம் பேச்சு" என்றாள் பியூலா.

செல்லக்கனி சோலைராஜின் விரல்களைப் பார்த்தாள். சத்யப்பிரியாவின் விரல்களைப் பார்த்தாள். "அப்படியா சொல்லுதாக?" என்றாள். சோலைராஜ் தரையைப் பார்த்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் கை ஒரு தடவைகூட மீசைப் பக்கம் போகவில்லை. மீசை பயம் என்று சத்யப்பிரியா நினைத்துக்கொண்டாள்.

நாலேகாலுக்கு இஞ்சின் மறுபடி கூடத்துக்கு வந்தது. இசக்கிமுத்து குப்புறப் படுத்தார். நகத்தை வைத்து இழுத்தார். கதவு திறந்தது. உள்ளே செக்கச்செவேலென்று நெருப்பு.

மனுஷர் "ஆத்தாடி!" என்று ஒரு கத்துக் கத்தி, முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அனல் அடித்த மாதிரி கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டார். பிறகு தன் காரியத்துக்குத் தானே வெட்கப்பட்டு, எழுந்து உட்கார்ந்து, மேல்துண்டால் முகம் முழுக்கத் துடைத்தார்.

"ஒரு குறையும் இல்லை. நான் கரி போட்ட வண்டி இதுதான். இனி நான் சொல்ல ஒண்ணும் இல்லை" என்றார்.

கூடம் கைதட்டியது. கௌதம்ராஜ் ஒன்றும் கோழை இல்லை. "சொன்னா சொன்னதுதான்" என்று தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்து துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டான். மாரிசாமி பிரஷ்ஷில் சோப்பை நுரைக்க ஆரம்பித்தார். எல்லோரும் சோலைராஜின் முதுகில் தட்டினார்கள். சத்யப்பிரியா சிரித்துக்கொண்டுதான் நின்றாள். மீசை தப்பியது, புருஷன் மானம் தப்பியது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஆனால் நீயா செய்தாய் என்று இனிமேல் யாரும் கேட்கப் போவதில்லை. முடிந்துபோன கதை.

இசக்கிமுத்து எழுந்து வந்து, "அந்தக் கையைக் குடுப்பா" என்று சோலைராஜின் கையைப் பிடித்தார்.

சோலைராஜ் அந்தக் கையை உருவிக்கொண்டான்.

"அண்ணாச்சி, இந்தக் கை இல்லை" என்றான். "சக்கரமும் பிஸ்டனும்தான் இந்தக் கை. நீங்க காலையில இருந்து இருக்கு இருக்குன்னு சொன்னீகளே, அம்புட்டும் அவ கை. எனக்கு ஒரு ரிவிட்டுக் கூட வரலை. நாலு மாசமா நான் செஞ்சேன் நான் செஞ்சேன்னு ஊர்ல பீத்திக்கிட்டேன். அவ பின்னால நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா." நாற்காலிக்குப் போய் மச்சினன் கழுத்திலிருந்து துண்டை அவிழ்த்துத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டான். "எந்திரி மாப்ள. ஒத்த ஆளான்னுதான் பந்தயம். நான் தோத்துட்டேன்."

சத்யப்பிரியாவுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. சிரிப்பும் வந்தது. இந்த மனுஷனை என்னதான் செய்வது, அவன் சொன்னதைத்தானே நாலு மாசமாக அவள் கேட்க ஆசைப்பட்டாள்! அதை இத்தனை பேர் நடுவில், கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சொல்கிறானே என்று அவளுக்கு அவன் மேல் ஆசை பொங்கியது.

"அத்தான், வேண்டாம், நான் விட்டுக்குடுக்கேன்" என்றான் கௌதம்ராஜ், நிஜமாகவே மனம் இளகி.

"நீ என்னலே விட்டுக்குடுக்க? மாரிசாமியண்ணே, போடுங்க."

மாரிசாமி போட்டார். இடது பக்கம் நாலு இழுப்பில் போயிற்று. இருபது வருஷம் வெயிலே படாத உதடு வெள்ளைவெளேரென்று வெளியே வந்து எல்லோரையும் பார்த்தது. அடக்கிப் பார்த்தும் முடியாமல் கூடம் சிரித்து உருண்டது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் சத்யப்பிரியாதான்.

இசக்கிமுத்து அவள் பக்கம் திரும்பினார். அவர் முகத்தை நேராகப் பார்த்து அவள் அதுவரை பேசியதே இல்லை.

"ஏம்மா, இம்புட்டையும் செஞ்ச கை, அந்தக் கதவுக்கு ஏம்மா வெல்டு வச்சுச்சு?"

சோலைராஜ் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தான். "அது அவ இல்லை அண்ணாச்சி. அது மட்டும் நான் செஞ்ச தப்பு."

"ஏங்க, சும்மா இருங்க!" என்றாள் சத்யப்பிரியா. கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து இஞ்சினுக்குப் பக்கத்தில் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நல்லதை மட்டும் எனக்குக் குடுத்துட்டு தப்பை நீங்க வச்சுக்கிடுவீகளோ? அண்ணாச்சி, அந்த வெல்டும் நான் செஞ்சதுதான். நாலு நாளு. எப்படிச் செஞ்சேன்னு சொல்லட்டுமா?"

"சொல்லும்மா. அதைக் கேக்கத்தானே உக்காந்திருக்கேன்" என்று அவரும் எதிரே உட்கார்ந்தார்.

அவள் மெழுகிலிருந்து ஆரம்பித்தாள். வாய் அளவு, அச்சு மண், உலை, ஊசிமுனைச் சொட்டு, இருட்டில் எடுத்த நூற்று நாற்பது படம். ஆட்கள் ஒவ்வொருவராகக் கிட்ட வந்து உட்கார்ந்தார்கள். கௌதம்ராஜ் பால்கோவாத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்க மறந்து கேட்டான். மாரிசாமியும் கத்தியை மடக்காமல், நாற்காலியைவிட்டு இரண்டு அடி முன்னால் வந்து நின்றுவிட்டார். சோலைராஜ் வலது பக்க மீசையோடு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று, அவள் முடிக்க. அதுவரைக்கும் அந்தப் பாதி மீசையை யாரும் கவனிக்கவில்லை.